பாகாயத்தில் பழகிய கைகள்

நம் ஊரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் பேருந்தில் நம்மில் பலரும் போய் வந்திருப்போம். வேலூருக்குச் சற்று முன்னால் பாகாயம் வரும். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி வளாகம் அங்கேதான் இருக்கிறது. உடல் குறைபாடு உள்ளவருக்குச் சிகிச்சை மட்டும் போதாது, பிழைக்க ஒரு தொழிலும் வேண்டும் என்பதை நம் வட்டாரம் கற்றுக்கொண்ட இடம் அது. 1989 வரை திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்தன. எனவே இது நம் மாவட்டத்து வரலாறும்தான்.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் மிஷனரி தம்பதியருக்குப் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படிப்பதற்கு முன் கட்டட வேலையும் தச்சு வேலையும் பழகியவர். 1946-ல் வேலூருக்கு அறுவை மருத்துவராக வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் மடங்கிப் போன நூற்றுக்கணக்கான கைகளைப் பார்த்தார். அந்தக் கைகளைச் சரிசெய்ய எந்த எலும்பு மருத்துவரும் அதுவரை முறையாக முயன்றதில்லை என்று தெரிந்ததும் அவருக்கு வியப்பாகிவிட்டது.

அவர் ஆராய்ந்து பார்த்ததில் ஓர் உண்மை தெரிந்தது. நோய் சில நரம்புகளைத்தான் செயலிழக்கச் செய்கிறது. முன்னங்கையின் பல தசைகள் நல்ல வலுவோடு இருக்கின்றன. அப்படி நன்றாக உள்ள தசைநாண் ஒன்றை எடுத்து வேறு வழியில் விரலோடு இணைத்தால் மடங்கிய விரல் நிமிரும். 1948-ல் இந்த அறுவை சிகிச்சை தொடங்கியது. மூடிக் கிடந்த கைகள் திறந்தன. சோற்றைப் பிசைந்து தாமே உண்ண முடிந்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. குணமாகி ஊருக்குப் போனவர்களில் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். தொழுநோய் வந்தவர் என்று தெரிந்ததால் யாரும் வேலை தரவில்லை, தங்க இடமும் தரவில்லை. முன்பு மடங்கிய கையை நீட்டினால் காசு விழும். இப்போது கை நன்றாக இருப்பதால் பிச்சையும் கிடைக்கவில்லை. மருத்துவர் கையைக் கொடுத்துப் பிழைப்பைப் பறித்துவிட்டார் என்றுதான் அவர்கள் நிலை இருந்தது.

அந்த முறையீட்டிலிருந்து பிறந்ததுதான் நவஜீவ நிலையம். கல்லூரி வளாகத்தில் மண் சுவர்க் குடிசைகளோடு ஒரு சிறு கிராமம் போல அது தொடங்கியது. சிகிச்சை முடிந்தவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை பழகினார்கள், மரப்பொம்மைகள் செய்தார்கள். தச்சு தெரிந்த பிராண்ட் தாமே உளியும் ரம்பமும் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார்.

அந்தப் பட்டறை மருத்துவத்துக்கும் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. தொழுநோய் விரல்களைத் தின்றுவிடும் என்றுதான் அதுவரை ஊரே நம்பியது. வேலை செய்கிறவர்களின் கைகளை நாள்தோறும் சோதித்தபோது வேறு காரணம் தெரிந்தது. கையில் உணர்ச்சி இல்லாததால் சூடான பாத்திரமும் தெரிவதில்லை, சிலாம்பு ஏறியதும் தெரிவதில்லை. தூங்கும்போது எலி கடித்தால்கூட விழிப்பதில்லை. புண் மேல் புண்ணாகி விரல் குறைகிறது. இதைக் கண்டபின் கருவிகளின் கைப்பிடிகளை மாற்றி அமைத்தார்கள். தினமும் கையைப் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தை ஏற்படுத்தினார்கள். எலியை ஒழிக்கப் பூனையும் வளர்த்தார்கள்.

கண்ணுக்கும் இதே கதைதான். இமை மூடாமல் போவதால் கண் உலர்ந்து பார்வை போகிறது. பார்வையில்லாத மற்றவர்கள் விரலால் தடவி பிரெய்ல் படிக்கலாம், பிரம்பு நாற்காலி பின்னலாம். விரல் உணர்ச்சியும் போனவருக்கு அந்த வழியும் அடைபடுகிறது. அதனால் மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைத்து, வாய் மெல்லும்போது கண் மூடும்படி செய்யும் அறுவை சிகிச்சையும் வேலூரில் நடந்தது.

பிராண்டிடம் பயின்றவர்களில் ஒருவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். தொழுநோயாளிகளின் கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பதால், சக்கர நாற்காலியிலிருந்தே செய்யத் தொடங்கினார். பின்பு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியில் 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மரத்திலிருந்தும் கிணற்றிலும் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் அங்கே தங்கி, தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ளவும் ஒரு தொழில் பழகவும் முடிந்தது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பார்வையற்றோருக்கு இந்த யோசனை இன்னும் பழையது. 1890-ல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். 1950-ல் டேராடூனில் வயதுவந்த பார்வையற்றோருக்கான பயிற்சி மையம் வந்தது. 1968-ல் மத்திய அரசு பம்பாயிலும் ஐதராபாத்திலும் தொழில்சார் மறுவாழ்வு மையங்களைத் தொடங்கியது. பிறகு சென்னை கிண்டியிலும் ஒன்று அமைந்தது. 1995-ம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் 3 சதவீத இடஒதுக்கீடு தந்தது, தொழுநோயிலிருந்து குணமானவர்களையும் சேர்த்துக்கொண்டது. 2016-ம் ஆண்டுச் சட்டம் அதை 4 சதவீதமாக்கி, 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது.

இத்தனைக்குப் பிறகும் நவஜீவ நிலையத்துக்கு வந்த முறையீடு தீர்ந்துவிடவில்லை. பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவரை வேலைக்கு வைத்துக்கொள்ள ஒரு முதலாளி வேண்டும், வாடகைக்கு வீடு தர ஒருவர் வேண்டும். அதைச் சட்டம் மட்டும் செய்துவிடாது. பௌர்ணமி தோறும் கிரிவலப் பாதையில் நாம் போடும் காசு அன்றைய பசிக்கு உதவும், மறுநாளைக்கு உதவாது.

நம் தெருவில் கடை, பட்டறை, அலுவலகம் வைத்திருப்பவர்கள் உண்டு. அடுத்த முறை ஆள் தேடும்போது, வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர் இருந்து, இன்னும் அடையாள அட்டை வாங்கவில்லை என்றால், அதற்கும் அந்த அலுவலகத்தை அணுகலாம். தனியே போகத் தயங்குகிறவர்களுக்குத் துணைக்கு வர நம் சங்கத்தில் ஆள் உண்டு.