அப்பாவின் மடைகளும் நூத்தின் எழுத்துகளும்

அப்பா எழுதிய ஒரே புத்தகம் எங்கள் ஊர் ஏரியைப் பற்றியது. எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் போகும், நீர்க்கட்டிகள் யார் யார் என்று 112 பக்கம். 2003இல் 500 பிரதி அச்சிட்டார். அவர் போன பிறகு தேடினால் வீட்டில் மிஞ்சியது இரண்டு. அதில் ஒன்றை ராமபாணம் சல்லடையாக்கியிருந்தது. கூடவே ஒரு சி.டி. கிடைத்தது. திறந்தால், திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் கேள்விக்குறியும்.

அன்றைய தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளுக்கான எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்தவை. எழுத்துரு போனால் தமிழும் போச்சு. டி.டி.பி. செய்துகொடுத்த அண்ணனிடம் கேட்டேன். “அந்த ஃபாண்டும் இல்ல, அந்த சாஃப்ட்வேரும் இப்ப ஓடாது தம்பி. பொஸ்தகத்தப் பாத்துத் திரும்ப அடிச்சிரு, அதான் சுலபம்” என்றார்.

அடித்தேன். ராத்திரி ராத்திரியாக ஏழு வாரம். இன்னொரு தடவை இது நடக்கக் கூடாது என்ற பயத்தில்தான், புத்தகங்களை இணையதளமாக்கும் கட்டற்ற மென்பொருள்களின் பக்கம் போனேன். அவற்றின் வரலாறும் இதே மாதிரி ஒரு கடுப்பில் தொடங்கியது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

1977இல் கணினியியல் பேராசிரியர் டொனால்ட் நூத், தன் பெருநூலின் இரண்டாம் தொகுதியை மறுபதிப்புக்குக் கொடுத்திருந்தார். ஈய அச்சு போய்ப் புகைப்பட அச்சுக்கோப்பு வந்திருந்த காலம். மெய்ப்பைப் பார்த்தவருக்கு எழுத்துகளின் அழகு போயிருந்தது பொறுக்கவில்லை. மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, ‘டெக்’ என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைத் தானே எழுதத் தொடங்கினார். சீக்கிரம் முடியும் என்று நினைத்த வேலை, சுமார் பத்து வருடம் இழுத்தது. மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவைத்தார். டெக்கில் ஆசிரியர் எழுதுவது வெறும் எழுத்துக் கோப்பு; பக்கம் அதிலிருந்து பிறப்பது. பக்கம் அழிந்தாலும் திரும்ப உண்டாக்கிக்கொள்ளலாம்.

அடுத்த அடியை 1980களில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வைத்தார். அவருடைய ‘டெக்ஸின்ஃபோ’வில் ஒரே மூலக்கோப்பு டெக் வழியாகக் காகிதப் புத்தகமாகும், திரையில் இணைப்பு இணைப்பாகத் தாவிப் படிக்கும் ஆவணமாகவும் ஆகும். வலை பிறப்பதற்கு முன்பே இந்த யோசனை வந்துவிட்டது.

மிச்சம் இருந்தது எளிமை. 2004இல் ஜான் க்ரூபர் ‘மார்க்டவுன்’ முறையை வெளியிட்டார். அதன் இலக்கணத்தை வகுக்க உதவிய ஆரன் ஸ்வார்ட்ஸுக்கு அப்போது 17 வயது. தலைப்புக்கு முன்னால் ஒரு # போட்டால் போதும், கிட்டத்தட்ட கடிதம் எழுதுகிற மாதிரிதான். 2006இல் பெர்க்லியின் தத்துவப் பேராசிரியர் ஜான் மேக்ஃபார்லேன் ‘பேண்டாக்’ கருவியைத் தந்தார். ஒரு வடிவத்தில் இருப்பதை இன்னொரு வடிவத்துக்கு மாற்றித் தருவது அதன் வேலை.

கருவி நிலைக்கும் என்று நம்பலாமா? ‘கிட்புக்’கின் கதையைப் பாருங்கள். 2014இல் கட்டற்ற கருவியாகத் தொடங்கிப் பலரும் பயன்படுத்தியது. பின்னால் அந்த நிறுவனம் தன் இணையச் சேவையின் பக்கம் திரும்பி, நம் கணினியிலேயே ஓடிய பழைய கருவியைக் கைவிட்டது. ஆனால் எழுதியவர்களின் அத்தியாயங்கள் மார்க்டவுனில் அவரவர் கையிலேயே இருந்தன. அதை மாதிரியாகக் கொண்டு ரஸ்ட் மொழியில் ‘எம்டிபுக்’ என்ற கருவியும் வந்திருந்தது. ரஸ்ட் மொழியின் அதிகாரப்பூர்வப் பாடநூல் இன்று அதில்தான் இணையதளமாகிறது. அதே நூல் காகிதத்திலும் விற்கிறது.

நானும் எம்டிபுக்கைத்தான் எடுத்துக்கொண்டேன். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, வரிசையைச் சொல்ல ஒரு பட்டியல், ஒரே ஒரு கட்டளை. பொருளடக்கமும் தேடும் வசதியுமாகத் தளம் தயார். இனி அது யூனிகோடு. எந்த எழுத்துருவையும் நம்பி இல்லை.

தளம் வந்த மாதமே ஊரிலிருந்து பெரியப்பா கூப்பிட்டார். “மூணாவது மடைக்கு ஒங்கப்பன் பேரத் தப்பா எழுதிட்டான்டா. மாத்து.”

மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் கை வரவில்லை. அச்சுப் புத்தகம் என்றால் பிழையும் அப்பாவோடு நின்றிருக்கும். இதில் யார் வேண்டுமானாலும், சத்தமில்லாமல், அவர் எழுதாததை அவர் எழுதியதாக ஆக்கிவிடலாமே?

விடை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’டில் இருந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, எந்த வரியில் செய்தார் என்று அது எழுதிவைக்கும். 2003 பதிப்பைப் பிழைகளோடு முதல் பதிவாக ஏற்கெனவே சேர்த்திருந்தேன். அப்பாவின் வரியைத் தொடாமல், பெரியப்பா சொன்ன பெயரை அதன் கீழே அவர் பெயரிலேயே அடிக்குறிப்பாகப் போட்டேன்.

இப்போது மூன்றாவது மடைக்கு இரண்டு பெயர். ஏரியில் அந்த மடை தூர்ந்துபோய்ப் பல வருடம் ஆகிறது.