காரைக்கால் வட்டாரத்தில் வீட்டுப் பிரசவமும் தந்தையின் பங்கும்

காரைக்கால், காவிரிப் படுகையின் கிழக்கு விளிம்பில் வங்கக் கடலோரம் அமைந்த ஊர். 1739இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் வசம் வந்தது. 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்து, இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டமாக உள்ளது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கும், சுற்றியிருந்த தஞ்சைச் சீமையிலும் பெரும்பாலான குழந்தைகள் வீட்டில்தான் பிறந்தன. அந்தப் பிரசவங்களில் கணவனுக்குப் பிரசவ அறைக்குள் இடம் இருக்கவில்லை. ஆனால் அறைக்கு வெளியே அவன் எடுத்த முடிவுகளே பல நேரங்களில் மனைவியின் உயிரைக் காத்தன அல்லது இழக்கச் செய்தன.

இலக்கியமும் தலபுராணமும்

பிரசவ அறை பெண்களுக்கு உரியது என்ற வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. நற்றிணையின் 40ஆம் பாடல் மகப்பேறு நடந்த ஒரு வீட்டைக் காட்டுகிறது. வெண்சிறுகடுகு அணிந்து, நெய் பூசிய உடலுடன் தாய் கண்மூடிக் கிடக்கிறாள். செவிலியுடன் குழந்தை உறங்குகிறது. அந்த வீட்டுக்குத் தலைவன் நள்ளிரவில் திருடனைப் போல வருகிறான். புறநானூற்றின் 312ஆம் பாடல், பெற்றெடுப்பதைத் தாயின் கடமையாகவும் மகனைச் சான்றோனாக்குவதைத் தந்தையின் கடமையாகவும் பிரித்து வைக்கிறது.

திருச்சிராப்பள்ளி தாயுமானவர் கோயிலின் தலபுராணமும் இதே வழக்கத்தைச் சொல்கிறது. காவிரியில் வெள்ளம் வந்ததால் கர்ப்பிணி மகளிடம் தாயால் வந்து சேர முடியவில்லை. அப்போது சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்கிறது கதை. இறைவனும் ஆண் உருவில் அந்த அறைக்குள் செல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பாபநாசம் அருகேயுள்ள திருக்கருகாவூரின் தலபுராணத்தில், கணவன் வெளியே சென்றிருந்த வேளையில்தான் கர்ப்பிணிக்கு ஆபத்து நேர்கிறது. அன்னை கர்ப்பரட்சாம்பிகை அவள் கருவைக் காக்கிறாள். இன்றும் டெல்டா மாவட்டங்களின் குடும்பங்கள் சுகப்பிரசவம் வேண்டி இவ்விரு கோயில்களுக்கும் செல்கின்றன.

வீட்டுப் பிரசவத்தின் நடைமுறை

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதே வழக்கம். வளைகாப்பும் சீமந்தமும் முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வர். பிரசவம் பார்ப்பவர் மருத்துவச்சி. டெல்டா கிராமங்களில் நாவிதர் சமூகப் பெண்கள் பலர் தலைமுறை தலைமுறையாக இப்பணியைச் செய்தனர். நெல், புடவை, வெற்றிலை பாக்கு ஆகியவை அவர்களுக்குக் கூலியாகத் தரப்பட்டன.

கணவனுக்கென்றும் சில விதிகள் இருந்தன. மனைவி கர்ப்பமாக இருக்கும்போது அவன் முடி வெட்டிக்கொள்ளக் கூடாது, பிணம் சுமக்கக் கூடாது, கடலில் நீராடக் கூடாது, மலை ஏறக் கூடாது என்பன அவற்றுள் சில. இவை மருத்துவப் பயன் உள்ளவை அல்ல. எனினும் பிள்ளைப்பேறு பெண்ணை மட்டும் சார்ந்ததன்று, கணவனும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவன் என்ற எண்ணத்தை இவை காட்டுகின்றன.

வலி கண்டதும் ஆண்களின் வேலை தொடங்கும். இரவில் விளக்குடன் சென்று மருத்துவச்சியை அழைத்து வருதல், வெந்நீருக்கு விறகு சேர்த்தல், நாட்டு மருந்து வாங்கி வருதல், தேவைப்பட்டால் வண்டி கட்டுதல் ஆகியவை அவர்கள் பொறுப்பு. அரசலாறு, திருமலைராயனாறு, நூலாறு போன்ற ஆறுகள் காரைக்கால் பகுதி வழியே கடலை அடைகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் இவை நிரம்பினால் வண்டி கட்டியும் பயனில்லாமல் போகும்.

மருத்துவச்சியின் அனுபவம் இயல்பான பிரசவத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு, வலிப்பு, குழந்தை குறுக்கே நிற்பது, கிருமித் தொற்று ஆகியவற்றை எதிர்கொள்ள அவரிடம் கருவிகளோ மருந்துகளோ இல்லை.

திண்டிவனத்தின் ஓர் இரவு

இந்நிலையைத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி 1890களில் திண்டிவனத்தில் நடந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா ஸ்கடர் அப்போது மருத்துவம் படிக்காத இளம்பெண். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக அவர் வீட்டுக்கு வந்தனர். மூவரின் மனைவியரும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தனர். தந்தையை அனுப்புவதாக ஐடா சொன்னார். அந்நிய ஆண் தம் மனைவியைத் தொட்டுப் பார்ப்பதை மூவரும் ஏற்கவில்லை. பெண் ஒருவர்தான் வரவேண்டும் என்று கேட்டுவிட்டுத் திரும்பினர். மூன்று பெண்களும் இறந்தனர்.

அந்தக் கணவர்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். உதவி தேடி இரவில் வந்தவர்கள். உதவி கிடைத்தும் அதை ஏற்க வழக்கம் இடம் தரவில்லை. அந்த இரவின் தாக்கத்தால் ஐடா அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றார். வேலூரில் அவர் தொடங்கிய சிறு மருத்துவப்பணி 1902இல் மருத்துவமனையாகவும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்தது. இதுவே இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

பிரெஞ்சுச் சட்டமும் தந்தையின் அறிவிப்பும்

காரைக்காலுக்கு மட்டும் உரிய ஒரு கூறு பிறப்புப் பதிவு. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 55, 56ஆம் பிரிவுகள் குழந்தை பிறந்த 3 நாட்களுக்குள் அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும் என்றன. அறிவிக்க வேண்டிய முதல் ஆள் தந்தை. அவர் இல்லாதபோது பிரசவத்தில் உடனிருந்த மருத்துவரோ மருத்துவச்சியோ பிறரோ அறிவிக்கலாம். பிரசவ அறையில் இடம் பெறாத தந்தை, அரசின் ஏட்டில் முதல் சாட்சியாக நின்றார்.

காரைக்கால், புதுச்சேரி ஆண்கள் பலர் பிரெஞ்சு இந்தோசீனாவின் சைகோன் போன்ற நகரங்களில் வேலை பார்த்தனர். அத்தகைய குடும்பங்களில் பிரசவமும் பதிவும் தந்தை இல்லாமலே நடக்க வேண்டியிருந்தது. மேலும் காரைக்காலைச் சுற்றிலும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. எல்லைக்கு அப்பால் தாய்வீட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பு அப்பகுதியின் பதிவேட்டுக்கு உரியதானது. 1956 மே 28 அன்று கையெழுத்தாகி 1962இல் நடைமுறைக்கு வந்த இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம், பிரெஞ்சுக் குடியுரிமை பற்றிய கேள்வியைப் பிறந்த இடத்தோடு இணைத்தது. அதனால் வீட்டில் நடந்த பிறப்புகளின் பழைய பதிவுகள் பின்வந்த தலைமுறைகளுக்கும் முக்கியமாயின.

வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு

சென்னையில் பிரசவ மருத்துவமனை 1844இலேயே தொடங்கப்பட்டது. இதுவே பின்னர் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையாயிற்று. 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பயிற்சி பெற்றவர்களைப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. விடுதலைக்குப்பின் ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணைச் செவிலியர்களும் கிராமங்களுக்கு வந்தனர். தூய கை, தூய இடம், தூய கத்தி, தொப்புள்கொடி கட்டத் தூய நூல், தூய தொப்புள் என்ற பாடம் பரம்பரை மருத்துவச்சியருக்கும் கற்பிக்கப்பட்டது.

இந்தியாவில் மருத்துவமனைப் பிரசவங்கள் 2005-06இல் 38.7 விழுக்காடாக இருந்தன. 2019-21இல் 88.6 விழுக்காடாக உயர்ந்தன என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு. தமிழ்நாட்டிலும், காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரியிலும் இது 99 விழுக்காட்டைத் தாண்டியது.

வீட்டுப் பிரசவத்தின் மறுவரவு

அண்மை ஆண்டுகளில் வீட்டுப் பிரசவம் வேறு வடிவில் திரும்பியது. இம்முறை மருத்துவச்சி இல்லை. அவர் இடத்தில் கணவனே நின்றார். 2018 ஜூலையில் திருப்பூரில் இணையக் காணொளிகளை நம்பி வீட்டில் நடத்திய பிரசவத்தில் ரத்தப்போக்கால் ஒரு பெண் இறந்தார். கணவர் கைதானார். 2024 நவம்பரில் சென்னை அருகே குன்றத்தூரில் வாட்சப் குழுவின் ஆலோசனைப்படி ஒரு கணவர் வீட்டிலேயே பிரசவம் பார்த்தார். தாயும் சேயும் நலமாக இருந்தபோதும் காவல் துறை விசாரித்தது.

நெதர்லாந்து போன்ற நாடுகளில் வீட்டுப் பிரசவம் சட்டபூர்வமாக நடக்கிறது. ஆனால் அங்கே பதிவு பெற்ற மருத்துவச்சி உடனிருப்பார். ஆபத்துக் குறைவான தாய்மாருக்கு மட்டுமே அது அனுமதிக்கப்படுகிறது. சிக்கல் என்றால் மருத்துவமனைக்கு மாற்றும் ஏற்பாடும் தயாராக இருக்கும். இந்த மூன்றும் இல்லாமல் கணவனின் துணிவு மட்டும் போதாது. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு எந்த முன்னறிகுறியும் இன்றி வரக்கூடியது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் போன்ற மருந்தும் ரத்தமும் உடனே தேவைப்படும்.

துணையாகத் தந்தை

பிரான்சில் 1950களில் பெர்னாண்ட் லமாஸ், மூச்சுப் பயிற்சியும் துணைவரின் ஆதரவும் கொண்ட பிரசவ முறையைப் பரப்பினார். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பிராட்லி 1965இல் கணவரின் துணையுடன் பிரசவிப்பது பற்றி நூல் எழுதினார். தொடர்ந்த துணை பெற்ற பெண்களுக்கு இயல்பான பிரசவம் கூடுவதையும் அறுவைச் சிகிச்சை குறைவதையும், 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 26 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு 2017இல் காட்டியது. இந்திய அரசு 2016இல் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைவரை அனுமதிக்க வழிகாட்டியது. பிரசவ அனுபவமுள்ள பெண் உறவினருக்கே அதில் முதலிடம். பிற பெண்களின் மறைவு காக்கப்படும் இடங்களில் கணவரும் இருக்கலாம்.

தாய் இறப்புக்கு மூன்று தாமதங்கள் காரணமாவதாக 1994இல் வெளியான ஓர் ஆய்வு வகுத்தது: செல்ல முடிவெடுப்பதில் தாமதம், சென்று சேர்வதில் தாமதம், சிகிச்சை கிடைப்பதில் தாமதம். முதல் இரண்டும் பெரும்பாலும் வீட்டு ஆண்களின் கையில் இருப்பவை. மருத்துவமனையை முன்னரே தீர்மானித்தல், வண்டிக்கும் பணத்துக்கும் ஏற்பாடு செய்தல், ரத்தம் தர ஒருவரை அறிந்திருத்தல், கடும் தலைவலி, கண் மங்கல், ரத்தப்போக்கு, நீர்க்குடம் உடைதல், குழந்தை அசைவு குறைதல் ஆகிய அறிகுறிகளைக் கண்டதும் 108-ஐ அழைத்தல் ஆகியவை ஒரு தந்தை செய்ய வேண்டிய ஆயத்தங்கள். விளக்கேந்தி மருத்துவச்சியைத் தேடிச் சென்ற அக்காலத் தந்தையின் வேலையே இன்று இவ்வடிவில் தொடர்கிறது.