பகவான் தாதாவும் சண்டைப் படங்களும்

பம்பாயில் சில காலமேனும் வாழ்ந்த நம்மவர்க்குத் தாதரும் பரேலும் புதிய பெயர்கள் அல்ல. ஆலைச் சங்கு ஊதியதும் தெரு முழுதும் தொழிலாளர் நிறைந்த காலம் ஒன்று அங்கே இருந்தது. அத்தகைய ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1913ஆம் ஆண்டில் பிறந்தவர் பகவான் ஆபாஜி பாலவ். திரையுலகம் அவரைப் பகவான் தாதா என்று அழைத்தது.

ஊமைப் படங்களில் நடிக்கத் தொடங்கிய அவர், 1938இல் சந்திரராவ் கதமுடன் சேர்ந்து ‘பகதூர் கிசான்’ என்ற படத்தை இயக்கினார். அதன் பின்னர் வரிசையாகச் சண்டைப் படங்கள் வெளிவந்தன. கைம்முதலோ சிறிது. ஆகவே நடிப்பதும் இயக்குவதும் அவரே. நடிகர்க்கு உடை சேர்ப்பதும் உணவுக்கு வழி செய்வதுங்கூட அவரே. கற்றோர் இப்படங்களைப் பொருட்படுத்தவில்லை. நாள் முழுதும் உழைத்தவனோ தன் காசைக் கொடுத்து அவற்றையே நாடினான். அவனுடைய ரசனையை இகழ நமக்கு மனம் வரவில்லை.

தமிழருக்கும் பகவானிடம் ஓர் உரிமை உண்டு. எம். கே. ராதாவும் தவமணி தேவியும் நடித்து 1941இல் வெளிவந்த ‘வனமோகினி’ இந்த மராட்டியர் இயக்கிய படமே. அதற்கு இசை அமைத்தவர் சி. ராமச்சந்திரா. பிற்காலத்தில் ஹிந்தித் திரையிசையில் பெரும்புகழ் எய்திய அவர், இசையமைப்பாளராக அடியெடுத்து வைத்தது தமிழ்ப் படங்களில்தான் என்பதை நம்மிற் பலர் அறியோம்.

1942இல் பகவான் சொந்தமாகப் படத் தயாரிப்பில் இறங்கினார். சில ஆண்டுகளில் செம்பூரில் ஸ்டூடியோவும் எழுந்தது. சண்டையை விட்டுச் சமூகக் கதை எடுக்குமாறு ராஜ் கபூர் யோசனை கூறினார் என்பர். அதன் விளைவே 1951இல் வந்த ‘அல்பேலா’. கீதா பாலியுடன் அவர் ஆடிய அலட்டலில்லாத ஆட்டம் நாட்டையே கவர்ந்தது. கடற்கரையில் மாளிகை, வாயிலில் வரிசையாக மோட்டார் வண்டிகள் என்று வாழ்வு உயர்ந்தது. ஆனால் ‘ஜமேலா’, ‘லாபேலா’ முதலிய பின்னைய படங்கள் அந்த வெற்றியை மீட்டுத் தரவில்லை. மாளிகையும் வண்டிகளும் கைமாறின. சிறு வேடங்களில் நடித்துக் காலங்கழித்த அவர், தாதரின் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் 2002ஆம் ஆண்டு காலமானார்.

கோரேகாவில் ஒரு கிடங்கில் பற்றிய தீ, அவருடைய சண்டைப் படங்களிற் பெரும்பாலானவற்றை முன்னரே அழித்துவிட்டது. ஆலைத் தொழிலாளர் கைதட்டி மகிழ்ந்த அந்தப் படங்களில் நமக்கு எஞ்சியிருப்பவை பெரும்பாலும் பெயர்களே.