தொழுநோய் நரம்புச் சிதைவு: கொச்சி வட்டாரம்

தொழுநோய்க் கிருமி புற நரம்புகளுக்குள் குடிபுகுந்து, ஸ்பரிச உணர்வையும் தசைகளின் இயக்கத்தையும் சிறிது சிறிதாகப் போக்கிவிடுவதே தொழுநோய் நரம்புச் சிதைவு எனப்படும். குஷ்டம் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் மேனியின் வெளிறிய தேமலும் தடித்த முகமும் நினைவுக்கு வருவதால் இது சருமத்தின் வியாதியென்றே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்ததாயினும், நோயாளியை முடமாக்குவது சருமமன்று, நரம்பே. மூளையையும் முதுகுத்தண்டையும் பெரும்பாலும் தீண்டாமல் விட்டு, கைகால்களுக்கும் முகத்துக்கும் செல்லும் நரம்புகளையே இது பற்றுகிறது.

1873இல் நார்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் கண்டறிந்த இக்கிருமி, ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய இரு வாரம் எடுத்துக்கொள்ளும் சோம்பேறி. தொற்றியவரிடம் நோய் வெளிப்பட ஆண்டுகள் பல ஆகும். குளிர்ச்சியை நாடும் இயல்பினதாகையால், சரீரத்தின் உட்சூட்டுக்கு எட்டாமல் தோலையொட்டி ஓடும் இடங்களிலேயே நரம்புகளைத் தாக்குகிறது. முழங்கையின் உட்புறத்து நரம்பு கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கி நகம்போல வளைகின்றன. முழங்காலின் வெளிப்புறத்து நரம்பு கெட்டால் நடக்கும்போது பாதம் துவண்டு விழுகிறது. கணுக்காலின் உட்புறத்து நரம்பு கெட்டால் உள்ளங்கால் மரத்து, முள் தைத்ததும் தெரியாமற் போகிறது. முக நரம்பு கெட்டவர் உறக்கத்திலும் இமை மூட மாட்டாமல், நாளடைவில் பார்வையையே இழக்க நேரிடும். கழுத்தின் பக்கத்திலும் முழங்கையிலும் நரம்பு கயிறுபோலத் தடித்திருப்பதை விரலால் தடவியே அறியலாம். சுசுருத சம்ஹிதை குஷ்டத்தின் குறிகளுள் உணர்வின்மையையும் சொல்கிறதென்றால், பழைய வைத்தியர் மேனியை மட்டுமே பார்த்தவர் என்று அவர்களைக் குறைகூற இடமில்லை.

எனினும் கைக்கு எட்டிய ஔஷதம் மேனிக்கு உரியதாகவே இருந்தது. தமிழ்ச் சித்த வைத்தியர் நீரடிமுத்து என்றும் மலையாளிகள் மரோட்டி என்றும் வழங்கும் மரத்தின் விதையெண்ணெய் அது. 1663இல் கொச்சியைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரரின் தளபதி வான் ரீட், மலபார்த் தாவரங்களைப் பற்றி ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக அச்சாகிய ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்ற பெருநூலைத் தொகுப்பித்தபோது, அதன் முதல் தொகுதியிலேயே மரோட்டி சித்திரத்துடன் இடம்பெற்றது. சேர்த்தலைப் பக்கத்து இட்டி அச்சுதன் வைத்தியரும், கொச்சியின் கொங்கணிப் பிராமண வைத்தியர்களான ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் மூவரும் 1675இல் அந்நூலுக்குத் தந்த சான்றுரைகள் இன்றும் அதன் முகப்பில் உள்ளன. பாதியாக உடைத்த மரோட்டிக் காயில் எண்ணெய் வார்த்துக் கார்த்திகைக்கு விளக்கேற்றும் வழக்கமும் கேரளத்தில் உண்டு. மருந்தும் விளக்குமாக ஒரே காய் பயன்பட்டது அந்நாட்டு இயல்புக்குப் பொருந்தியதே. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேல்நாட்டு வைத்தியரும் இவ்வினத்து எண்ணெயை ஊசிமூலம் செலுத்திப் பார்த்தனர். சருமத்தில் ஓரளவு குணம் தெரிந்தது. செத்த நரம்பு உயிர்த்தெழவில்லை.

நோயாளியை ஊரினின்று விலக்கி வைப்பதும் வழக்கமாக இருந்தது. டச்சுக்காரர் காலத்திலேயே வைப்பின் தீவின் வடகோடியான பள்ளிப்புறத்தில் தொழுநோயர் இல்லம் அமைந்தது. மரத்த கையில் கொதிக்கும் பானையை ஏந்துவோரை ஒதுக்கி வைப்பதனால் அந்தக் கைக்கு என்ன பயன் என்று எவரும் கேட்டதாகத் தோன்றவில்லை. இந்தியாவில் தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற சட்டவிதியே 2019இல்தான் நீக்கப்பட்டது.

மரத்த கையைப் பற்றிய அந்தக் கேள்விக்கு விடை கண்டவர், கொல்லிமலையில் 1914இல் பிறந்த சத்திர வைத்தியர் பால் பிராண்டு. செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், மடங்கிப்போன கையொன்றினுள் தம் கையை வைத்து இறுகப் பிடிக்கச் சொன்னபோது, அப்பிடியின் வலிமை கண்டு அவர் திடுக்கிட்டார். சில தசைகள் செயலற்றுப் போயினும் சில முழு பலத்துடன் இருக்கின்றன என்பதும், உயிருள்ள தசையின் நாணை எடுத்துச் செயலற்ற தசை செய்த வேலைக்குத் திருப்பிவிடலாம் என்பதும் அதனால் புலப்பட்டன. 1940களின் இறுதியில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அச்சத்திர சிகிச்சை தொடங்கிற்று. விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்ற நம்பிக்கையையும் அவர் ஆராய்ந்தார். இரவிலே எலி வந்து விரலைக் கடித்துத் தின்றபோதும் உணராமல் உறங்கியிருக்கிறார்கள் நோயாளிகள். அதன்பின் வீடு திரும்புவோர் கையில் பூனை கொடுத்தனுப்பப்பட்டது. வலி ஒரு காவல் என்பதை இதைவிட எளிதாக எந்தப் பாடநூலும் விளக்கியதில்லை.

டாப்சோன், ரிபாம்பிசின், குளோபாசிமின் மூன்றும் சேர்ந்த கூட்டு மருந்தை 1982 முதல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்து வருகிறது. நோயின் அளவுக்கேற்ப 6 அல்லது 12 மாதம் உண்டால் கிருமி அழியும். 2005 இறுதியில் இந்தியாவில் நோயாளர் பத்தாயிரவருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலை எய்தப்பட்டது. ஆயினும் சிகிச்சையின் நடுவிலோ அது முடிந்த பின்னரோகூட, சரீரத்தின் எதிர்ப்பு பொங்கியெழுவதால் நரம்பு வீங்கி நலிவதுண்டு. ஆறு மாதத்துக்குள் கண்டுகொண்டு பிரட்னிசோலோன் என்ற மருந்தைக் கொடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம், தாமதித்தால் இயலாது. கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் உள்ளங்கையைத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்லும் சோதனைக்கு எந்த யந்திரமும் வேண்டியதில்லை. கேரளத்தில் அசுவமேதம் என்ற பெயரால் ஊழியர் வீடுவீடாகச் சென்று தேமலைத் தேடுவதன் நோக்கமும், அங்கவீனம் வருமுன் நோயைப் பிடிப்பதே.

இன்று கொச்சியில் உள்ளங்கால் மரத்துப் புண்ணாகி வருவோருள் நீரிழிவுக்காரரே மிகுதி. காரணம் வேறாயினும் அவர்களது காலும் அதே வகையில் வலியிழந்து அதே இடங்களில் புண்படுவதால், வேலூர் வட்டாரத்தில் தொழுநோயாளருக்கென்று பழக்கத்துக்கு வந்த மெத்தென்ற நுண்துளை ரப்பர்ச் செருப்பை அவர்கள் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்கி அணிகிறார்கள்.