தல்லாவும் ஈயப் பூச்சும்

ஐக்கிய அரபு அமீரகத்தில் 1973-ஆம் ஆண்டு மே மாதம் திர்ஹம் என்ற புதிய நாணயம் புழக்கத்திற்கு வந்தபோது, ஒரு காலத்தில் இந்திய ரிசர்வ் வங்கி அச்சிட்டனுப்பிய ரூபாயையும், பின்னர் கத்தார்-துபாய் ரியாலையும் பஹ்ரைன் தினாரையும் கைமாற்றிப் பழகியிருந்த அந்தக் கடற்கரை ஜனங்களின் உள்ளங்கையில், அரசர் எவருடைய திருமுகமும் இல்லாமல், இடை ஒடுங்கி, அடி பருத்து, கிளியின் அலகைப் போல் மூக்கு வளைந்த ஒரு காப்பிக் கூஜாவைத் தாங்கிய காசு வந்து விழுந்தது. அந்தக் கூஜாவிற்குத் தல்லா என்று பெயர். ஃபுஜைராவில் சாலை வட்டத்தின் நடுவிலும், அபுதாபியின் இத்திஹாத் சதுக்கத்திலும் அது பிரம்மாண்டமான சிலையாக நிற்கிறது. 2015-இல் யுனெஸ்கோ நிறுவனம் அமீரகம், சவூதி அரேபியா, ஓமான், கத்தார் ஆகிய நான்கு தேசங்களின் பெயரில் அரபுக் காப்பி உபசாரத்தைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக் கொண்டது. பாத்திரத்திற்கு இத்தனை மரியாதை நடந்திருக்க, அதைக் காப்பி குடிக்க லாயக்காக வைத்திருந்த ஈயம் பூசுகிறவனை யாரும் நினைப்பதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகவே படுகிறது.

அரபு வீட்டின் மஜ்லிஸ் எனப்படும் வரவேற்புக் கூடத்தில் தல்லா தனியாக இருப்பதில்லை. காப்பித் தூளைக் கொதிக்க வைக்க ஒன்று, ஏலம் சேர்க்க ஒன்று, தெளிந்ததை அதிதிகளுக்கு ஊற்ற ஒன்று என்று பெரிதும் சிறிதுமாக மூன்று தல்லாக்களாவது கரியடுப்பைச் சுற்றி அமர்ந்திருக்கும். தூள் கிண்ணத்தில் விழாதிருக்கப் பேரீச்ச நாரை மூக்கில் செருகுவார்கள். இடக்கையில் தல்லாவும் வலக்கையில் கிண்ணங்களுமாக நின்று ஊற்றுகிறவன், விருந்தாளி கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்டும்வரை ஊற்றிக் கொண்டே இருப்பான். அந்தக் காப்பியில் விழுந்த ஏலக்காயில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பங்கு நெடுங்காலம் பெரிதாயிருந்தது. குவாதமாலா நாட்டு ஏலக்காய் வந்து போட்டியிட்டதெல்லாம் பிற்கால விவகாரம்.

தல்லாவைச் செய்த செம்பும் அதற்குப் பூசிய ஈயமும் வளைகுடா நாட்டிற்குப் புதியவை அல்ல. மெசொப்பொத்தேமியக் களிமண் ஏடுகள் மகான் என்று குறிப்பிடும் செம்பு விளையும் தேசம் இன்றைய ஓமானையும் அதை அடுத்த அமீரகப் பகுதியையும் சேர்ந்தது என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. தில்மூன் எனப்பட்ட பஹ்ரைன் வழியே செம்பு வாங்கி விற்ற ‘ஊர்’ எனும் மெசொப்பொத்தேமிய நகரத்து ஏயா-நாசிர் என்ற வியாபாரி மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டதாக ஒருவர் மனம் நொந்து எழுதிய களிமண் ஏடு, சுமார் 3,750 ஆண்டுகள் கழிந்தும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. வாடிக்கையாளரின் கோபத்திற்கு இவ்வளவு ஆயுள் வேறெங்கும் கிட்டியதில்லை. கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டிலோ நிலைமை தலைகீழ்: பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல், குஜராத்தின் பரூச் துறையிலிருந்து பாரசீக வளைகுடாவின் துறைகளுக்குச் செம்பும் சந்தனமும் தேக்கும் ஏற்றிச் சென்ற பெருங்கப்பல்களைச் சொல்கிறது. வெள்ளீயத்திற்கு அரேபியர் கிழக்கே பார்க்க வேண்டியிருந்தது. மத்தியகால அரபு பூகோள ஆசிரியர்கள் கலா என்ற துறையின் ஈயச் சுரங்கங்களைக் குறிப்பிடுகிறார்கள். அதை மலேயாவின் கெடாவாக, அதாவது 1025-ஆம் ஆண்டை ஒட்டி ராஜேந்திர சோழன் கப்பற்படை அனுப்பிய கடாரமாகக் கொள்வோர் பலர்.

ஈயம் எதற்கு என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை; பூச்சுப் போன பித்தளையில் மோரையும் ரசத்தையும் ஊற்றி வைக்கக் கூடாது என்று நம் பாட்டிமார் கண்டிப்பாயிருந்த அதே காரணம்தான். பகலெல்லாம் கணப்பிலேயே கிடக்கும் தல்லாவின் உட்புறம் சீக்கிரம் தேய்ந்து செம்பு தலைகாட்டும். பிறகு களிம்பு ஏறும். அப்போது அதைச் சஃப்பார் என்ற செம்புக் கன்னானிடம் கொண்டு போவார்கள். அவன் உள்ளே மணலும் புளிப்பும் இட்டுத் தேய்த்துப் பழைய கறையைப் போக்கி, துருத்தி ஊதிய கரி நெருப்பில் பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தை ஒரு சிட்டிகை தூவுவான். வெண்புகை குபீரென்று எழுந்து கண்ணையும் மூக்கையும் கரிக்கும். அந்தப் புகை அடங்குவதற்குள் ஈயத் துண்டை உள்ளே உருகவிட்டு, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால், செம்மை மறைந்து வெள்ளி போன்ற மினுமினுப்பு அடிவரை ஓடிப் பரவும். வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். செம்பு 1,085 டிகிரிவரை அசையாது. இடையிலுள்ள வெளி பெரிதாகத் தோன்றினாலும், சூடு குறைந்தால் ஈயம் திட்டுத் திட்டாக நிற்கும், மிஞ்சினால் கருகும், அதற்கு மேலும் போனால் பற்றவைத்த மூட்டு விட்டுப் போகும். தவலைக்குப் பூசுகிறவன் கையை உள்ளே விட்டுத் தேய்க்கலாம். இடுப்பொடுங்கிய தல்லாவில் அதற்கு வழியில்லை. நெருப்பின் நிறத்தைக் கண்ணால் அளக்கிறவனுக்கே அந்த வேலை கைவரும்.

தல்லாவிற்குப் பேர்போன இடம் சவூதி அரேபியாவின் அல்-ஹஸா. குவைத்தில் இந்தத் தொழிலாளருக்கென்றே ஸூக் அஸ்-ஸஃபாஃபீர் என்ற தெருவே இருந்தது. பஹ்ரைனில் 1932-இலும் குவைத்தில் 1938-இலும் எண்ணெய் கண்டெடுக்கப்பட்ட பிறகு, கையில் காசு சேர்ந்த வேகத்திலேயே எவர்சில்வரும் அலுமினியமும் வந்து சேர்ந்தன. பின்னால் வந்த பிளாஸ்குகளோ, தல்லாவின் உருவத்தையே போர்த்திக்கொண்டு, கணப்பையும் ஈயத்தையும் ஒருங்கே ஓய்வு பெறச் செய்துவிட்டன. இன்று வளைகுடா வீடுகளில் காணும் பித்தளைத் தல்லாக்களில் நம் வடநாட்டு மொராதாபாத்தின் கைவேலையும் கணிசமாக உண்டு.

எஞ்சிய பழைய தல்லாக்கள் ஷார்ஜாவின் ஸூக் அல்-அர்ஸா, மஸ்கட்டின் முத்ரா முதலிய கடைவீதிகளில் பழம்பொருளாக விலை போகின்றன. அங்கேதான் ஒரு விபரீதத்தைக் காண்கிறேன். பளபளப்பிற்கு மயங்கி, பழைய பாத்திரத்தைத் திராவகத்தில் முக்கி, சுழலும் பஃப் சக்கரத்தில் கொடுத்துவிடுகிறார்கள். திராவகம் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்து மேலே செம்பின் ரோஜா நிறத்தை மட்டும் விட்டுச் செல்கிறது. சக்கரமோ, செய்தவன் அடித்த முத்திரையையும் உளி வேலையையும் மழுக்கிவிடுகிறது. 1904-இல் ஜில்லெட் காப்புரிமை பெற்ற ரேசரின் பழைய மாதிரிகளைச் சேகரித்துப் புதுப்பிக்கிறவர்களுக்கும் இந்தச் சோதனை உண்டு: அங்கும் அடியில் பித்தளை, மேலே மெல்லிய முலாம், சோப்புக் கறையை வெந்நீரும் பழைய பல் துலக்கியும் கொண்டு பொறுமையாக எடுக்காமல் அழுத்தித் தேய்த்தால், கறையோடு முலாமும் போய்விடும்.

ஆகையால் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்புகையில் பழைய தல்லா ஒன்றை வாங்கி வரும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வெளிப்புறத்தைப் புளியும் மெல்லிய துணியும் கொண்டு துடைத்தால் போதும். அடியிலும் பிடியருகிலும் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த இடத்தைத் தொடாமல் விடுங்கள். உள்ளே செம்பு தெரிந்தால், ஈயம் பூசுகிறவர் யாராவது உங்கள் ஊரில் இன்னும் இருக்கும்போதே அவரைத் தேடிப் பிடித்து, காரீயம் கலவாத சுத்த வெள்ளீயத்தால் பூசிக் கொள்ளுங்கள். அதுவரை அதில் காப்பி ஊற்ற வேண்டாம்.