பழைய பிக்கப் டிரக்குகளின் சஸ்பென்ஷன்: குலுக்கலும் திருத்தமும்

பிக்கப் டிரக் என்பது முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட இலகுரக வாகனம். அமெரிக்காவில் பண்ணை வேலைக்கும் சிறு வணிகத்துக்கும் உருவான இவ்வண்டி, பிற்காலத்தில் குடும்ப வாகனமாகவும் மாறியது. சக்கரங்களுக்கும் சேஸிஸுக்கும் நடுவே அமைந்த ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர், இணைப்புக் கைகள் ஆகியவற்றின் தொகுப்பே சஸ்பென்ஷன். 1970-க்கு முந்தைய பிக்கப்புகளைப் பழுதுபார்த்து இன்றும் ஓட்டுபவர்கள் பலர். அவர்கள் முதலில் திருத்த விரும்புவது வண்டியின் குலுக்கலையும் வளைவில் அதன் தள்ளாட்டத்தையும்தான். அக்குலுக்கல் வடிவமைப்பில் நேர்ந்த பிழை அன்று. சுமை தூக்குவதற்காகக் கொடுக்கப்பட்ட விலை.

குலுக்கலின் காரணம்

காரில் ஒருவர் சென்றாலும் நால்வர் சென்றாலும் மொத்த எடை பெரிதாக மாறுவதில்லை. பிக்கப்பின் நிலை வேறு. வெற்று வண்டியில் பின் ஸ்பிரிங்குகள் 500 கிலோ தாங்குவதாகக் கொள்வோம். தொட்டியில் 500 கிலோ ஏற்றினால் அவற்றின் மீதுள்ள எடை ஏறக்குறைய இருமடங்காகும். ஸ்பிரிங்கின் மீது வண்டி மேலும் கீழும் ஆடும் வேகம், எடையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். வினாடிக்கு 1 முதல் 1.5 வரையிலான ஆட்டமே பயணிக்கு இதமானது. முழுச் சுமையில் 1.5 முறை ஆடுமாறு ஸ்பிரிங்கைத் தேர்ந்தால், அதே வண்டி வெறுமையாக ஓடும்போது 2.1 முறை ஆடும். அதுவே முதுகில் உறைக்கும் குலுக்கல்.

வெற்று வண்டிக்கு ஏற்ற மென்மையான ஸ்பிரிங்கைப் போட்டாலும் சிக்கல் உண்டு. சுமை ஏறியதும் பின்புறம் தாழ்ந்து, அச்சு ரப்பர் தடுப்பில் இடிக்கும். முன் விளக்குகள் வானம் பார்க்கும். முன் சக்கரங்களின் மீதுள்ள எடை குறைவதால் ஸ்டியரிங் பிடிப்பு இழக்கும். எனவே பழைய தயாரிப்பாளர்கள் சுமையின் பக்கமே நின்றனர்.

தொடக்க காலம்

1925-இல் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி வண்டியைச் சரக்குத் தொட்டியுடன் தொழிற்சாலையிலேயே பொருத்தி, 281 டாலருக்கு விற்றது. அதன் முன்னும் பின்னும் குறுக்குவாட்டில் ஒவ்வொரு பட்டை ஸ்பிரிங் மட்டுமே இருந்தது. 1948-இல் வந்த ஃபோர்டு எஃப்-1 வண்டியில் இரண்டு அச்சுகளும் நீளவாட்டுப் பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் அமர்ந்தன. பட்டை ஸ்பிரிங் எடையைத் தாங்குவதோடு அச்சையும் அதன் இடத்தில் பிடித்துவைக்கும். தனியாக இணைப்புக் கைகள் தேவையில்லை. விலை குறைவு, உறுதி அதிகம், ஒடிந்தால் ஊர்ப் பட்டறையிலேயே மாற்றிவிடலாம்.

குறைகளும் அதற்குள்ளேயே இருந்தன. இரு முன் சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு இணைப்பதால், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால், சிறு மேடுகளில் ஸ்பிரிங் அசையாமல் அதிர்ச்சியை அப்படியே மேலே அனுப்பும். துருப்பிடித்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதற்கிடையே கார்கள் முன்னேறிவிட்டன. ரோல்ஸ் ராய்ஸில் பணியாற்றி 1930-இல் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்த பொறியாளர் மாரிஸ் ஆலி, வண்டியின் ஆட்டத்தை முறையாகச் சோதித்தவர். முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிடச் சற்று மென்மையாக இருந்தால், மேட்டில் பிந்தி ஏறும் பின்பகுதி முன்பகுதியின் ஆட்டத்தை எட்டிப்பிடித்து, வண்டி சீக்கிரம் சமநிலை அடையும் என்று அவர் காட்டினார். முன் சக்கரங்கள் தனித்தனியே அசையும் சஸ்பென்ஷன் 1934-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இடம்பெற்றது. அந்நிறுவனத்தின் பிக்கப்புகளுக்கு அது வந்துசேர மேலும் 26 ஆண்டுகள் ஆயின.

1960-களின் திருப்பம்

1960-இல் வந்த செவ்ரோலெட் பிக்கப்புகளின் முன் சக்கரங்கள் தனித்தனியே அசைந்தன. முறுக்கப்படும் இரும்புத் தண்டுகளே அங்கு ஸ்பிரிங்காகப் பயன்பட்டன. 1963-இல் அவற்றின் இடத்தைச் சுருள் ஸ்பிரிங் பிடித்தது. சி10 வகையின் பின் அச்சையும் சுருள் ஸ்பிரிங்குகளே தாங்கின. அச்சைப் பிடித்துவைக்க இரண்டு நீண்ட கைகள் சேஸிஸின் நடுப்பகுதியிலிருந்து பின்னோக்கி வந்தன. இவ்வமைப்பைப் பின்னர் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயக் குழுக்கள் எடுத்துக்கொண்டன. நாஸ்கார் போட்டியின் முதன்மைப் பிரிவில் 2021 வரை இவ்வகைக் கைகளே புழங்கின. அங்கும் அவற்றின் பெயர் டிரக் கைகள்தான்.

ஃபோர்டு வேறு வழியில் சென்றது. 1965-இல் எஃப்-100 வண்டியில் அது அறிமுகம் செய்த இரட்டை ஐ-பீம் அமைப்பில், ஒவ்வொரு முன் சக்கரமும் தனித்தனி இரும்பு உத்தரத்தின் நுனியில் அமைந்தது. உத்தரத்தின் மறுமுனை சேஸிஸின் எதிர்ப்பக்கத்தில் கீல் போலப் பொருத்தப்பட்டது. பழைய அச்சின் உறுதியும் சுருள் ஸ்பிரிங்கின் மென்மையும் ஒருசேரக் கிடைத்தன. ஆனால் சக்கரம் மேலும் கீழும் செல்லும்போது அதன் சாய்வும் மாறியது. வண்டியின் உயரம் சரியாக இல்லாவிட்டால் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும்.

இம்மாற்றங்கள் ஒரே திசையில் செல்லவில்லை. 1973-இல் செவ்ரோலெட் தன் பிக்கப்புகளின் பின்புறத்தில் மீண்டும் பட்டை ஸ்பிரிங்கையே பொருத்தியது.

இன்று செய்யப்படும் திருத்தங்கள்

பழைய வண்டியின் கோளாறில் எவ்வளவு வடிவமைப்பால் வந்தது, எவ்வளவு தேய்மானத்தால் வந்தது என்று பிரித்தறிவதே முதல் வேலை. கிங்பின், ஷேக்கிள், புஷ், ஸ்டியரிங் பெட்டி ஆகியவற்றில் ஆட்டம் இருந்தால், புதிய ஸ்பிரிங்கால் வண்டி நேராகாது. தேய்ந்தவற்றை மாற்றிய பிறகே, பழைய வண்டி உண்மையில் எப்படி ஓடியது என்பது தெரியவரும்.

அடுத்தது டயரும் ஷாக் அப்சர்பரும். 1960-களின் அமெரிக்க வண்டிகள் பெரும்பாலும் குறுக்கிழை டயர்களில் ஓடின. ரேடியல் டயருக்கு மாறினால் நேரோட்டமும் வளைவில் பிடிப்பும் தெளிவாக மேம்படும். பழைய ரிம் அதற்குத் தகுந்ததா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷாக் அப்சர்பர் ஆட்டத்தை அடக்கும், எடையைத் தாங்காது. ஆகவே தாழ்ந்துபோன வண்டியைக் கடினமான ஷாக் அப்சர்பர் போட்டு நிமிர்த்த முயல்வது வீண், குலுக்கல்தான் கூடும். வளைவில் சாய்வதைக் குறைக்க, இடவல சக்கரங்களை இணைக்கும் சாய்வுத் தடுப்புத் தண்டு உதவும்.

மூன்றாவது படி ஸ்பிரிங். பட்டைகளைப் பிரித்து, துரு நீக்கி, இடையில் வழுக்கும் தகடு வைத்தால் உராய்வு குறையும். சுமைத் திறன் குறையாது. ஒரு பட்டையை எடுத்துவிட்டால் வண்டி இன்னும் மென்மையாகும். ஆனால் அது இனிப் பழைய சுமையைத் தாங்காது. அறிவிப்புத் தகட்டில் உள்ள எடை அளவும் பொருந்தாது. இரட்டை ஐ-பீம் வண்டியை ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தினால், முன் சக்கரங்களின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும்.

முன் சஸ்பென்ஷனை முழுவதும் மாற்றுவோரும் உண்டு. 2003 முதல் 2011 வரை வந்த ஃபோர்டு கிரவுன் விக்டோரியா காரின் முன் சஸ்பென்ஷனை அதன் அலுமினியக் குறுக்குச் சட்டத்தோடு கழற்றிப் பழைய எஃப்-100-இல் பொருத்துவது பரவலான பழக்கம். இதனால் பற்சட்ட ஸ்டியரிங்கும் முன் டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஆனால் சேஸிஸைத் துளையிடும் அல்லது வெட்டி ஒட்டும் வேலை பிசகினால், ஓட்டத்திலேயே உயிருக்கு ஆபத்து.

முடியாத கேள்வி

2005-இல் வந்த ஹோண்டா ரிட்ஜ்லைனில் நான்கு சக்கரங்களும் தனித்தனியே அசைந்தன. 2009 மாடல் டாட்ஜ் ராம் 1500-இன் பின் அச்சில் சுருள் ஸ்பிரிங் வந்தது. சுமைக்கேற்பக் காற்றழுத்தத்தை மாற்றும் காற்று ஸ்பிரிங்குகளைப் பழைய வண்டியிலும் பொருத்தலாம். இவை எல்லாம் 1925-இன் அதே கேள்விக்கான விடைகள்: தொட்டி நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் ஒரே வண்டி எப்படி நன்றாக ஓடும்? எனவே பழைய பிக்கப்பில் கைவைப்பவர், அது இனி எதைச் சுமக்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்கிறார். திருத்திய வண்டியை வெறுமையாக ஒருமுறையும் சுமையுடன் ஒருமுறையும் ஓட்டிப் பார்த்த பின்பே வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.