அரண்மனைக்கு ஒரு நாவு

செங்கல் கிராமத்திலிருந்து பாறசாலை, களியக்காவிளை வழியே தக்கலை செல்வோர் மாநில எல்லையைக் கடக்கின்றனர். ஆயினும் பத்மநாபபுரம் அரண்மனை வாயிலை மிதித்ததும் மீண்டும் கேரள அரசின் பொறுப்பில் நிற்கின்றனர்! 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் வட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அரண்மனையோ கேரளத்தின் நிர்வாகத்திலேயே நின்றது. நெய்யாற்றின்கரை வட்டத்துத் தமிழரும் கேரளத்திலேயே தங்கினர்.

இரு மொழியும் அறிந்த அவ்வூர் இளைஞர்க்கு அரண்மனை வழிகாட்டியின் பணி மிகப் பொருந்தும். எளிய பணி என்று எண்ணற்க. மந்திரசாலையின் கருந்தரை சிரட்டைக்கரியும் முட்டை வெண்கருவும் கலந்து இழைத்தது என்பர். அது வழிவழிச் செய்தி. 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் அரண்மனையைப் புதுக்கினார் என்பது வரலாறு. இவ்விரண்டையும் கேட்போர் வேறுபடுத்தி அறியுமாறு உரைத்தல் வேண்டும்.

மொழிபெயர்ப்பால் உண்டு வாழும் எனக்கு அங்கே ஒரு சொல் வியப்பளித்தது. ஏறத்தாழ 2,000 பேர் அமரத்தக்க இரு தளக் கூடத்திற்கு 'ஊட்டுப்புரை' என்று பெயர். 'உணவுக்கூடம்' என்றால் பொருள் விளங்கும். ஊட்டும் கை மறைந்துவிடும். செங்கல் தமிழர்க்கோ அச்சொல்லைப் பெயர்க்கவே வேண்டுவதில்லை.

டில்லியிலும் மும்பையிலும் வாழும் நேயர்கள் குமரிக்குச் செல்லுங்கால் அங்குள்ள வழிகாட்டியைத் தமிழிலேயே வினவுக. திங்கட்கிழமை விடுமுறை.